ஆப்பிள் அறையில் ஒரு பரீட்சை

பள்ளிச் சீருடை தைக்கிற அந்தத் தையல்காரர் எந்தப் பிள்ளைக்கும் அளவாக ஒரு துணி தைத்துக் கொடுத்ததே இல்லை. "வளர்ற புள்ள" என்று முணுமுணுத்துக்கொண்டே தோளிலும் இடுப்பிலும் தாராளமாக விட்டு வெட்டுவார். சொந்த மகளுக்குச் செருப்பு வாங்கினாலும் இதே கதைதான். வீட்டில் பொடிசு என்று கூப்பிடப்படும் அந்தப் பெண் பாதி வருஷம் செருப்புக்குள் பஞ்சை அடைத்துக்கொண்டுதான் நடப்பாள். ஆகவே, பள்ளித் தோழிகளோடும் டீச்சரோடும் மலைமேல் கூடாரம் போட்டுத் தங்கப் போகும் மகளுக்கு ஸ்லீப்பிங் பேக் வாங்கப் போனபோதும் அவர் கேட்டது பெரிய ஆள் சைஸ்.

"சார், பாப்பாவுக்குச் சின்ன சைஸே போதும்," என்று கடைக்காரர் இழுத்தார்.

"வளர்ற பொண்ணுங்க. கொஞ்சம் லூசா இருந்தாத்தான் காத்தோட்டமா இருக்கும்."

குளிருக்கு அடக்கமாகப் படுக்கிற பையில் காற்றோட்டம் கேட்ட முதல் மனிதர் இவராகத்தான் இருக்கும். கடைக்காரர் பெரியதையே எடுத்துக் கொடுத்தார். தையல்காரரின் மனைவி இதைக் காதிலேயே வாங்கவில்லை. ஒவ்வொரு பையாக எடுத்து அழுத்திப் பார்த்து, "உறைபனிய தாங்குமா? நெசமாவே தாங்குமா?" என்று ஒரே கேள்வியால் கடைக்காரரைத் துளைத்துக்கொண்டிருந்தாள்.

கேட்காமல் என்ன செய்வாள்? போன குளிர்காலத்தில் மகளை ஆஸ்பத்திரிக் கட்டிலில், மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு பார்த்தவள் அவள். பள்ளி நாடகம் முடியும்வரை காய்ச்சலை மறைத்துவிட்டு, மேடையைவிட்டு இறங்கும்போது படியிலேயே சுருண்டு விழுந்திருந்தாள் பொடிசு. நெஞ்சு முழுக்கச் சளி. டாக்டர் இப்போது, "தாராளமா மலைக்குப் போகட்டும், குளிர்ல நடுங்க மட்டும் விட்டுடாதீங்க" என்கிறார். அந்த 'மட்டும்'தான் அம்மாவைத் தூங்கவிடவில்லை.

அம்மா வேலை பார்ப்பது ஆப்பிள் வைக்கிற குளிர்பதனக் கிடங்கில். பெட்டி அடுக்குகிற ஆட்களுக்கு மேற்பார்வை. குளிரைப் பற்றி அவளிடம் யாரும் கதை விட முடியாது. மலையில் ராத்திரி அடிக்கும் குளிரும் ஆப்பிள் அறையின் குளிரும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு, சாப்பாட்டு நேரத்தில் பையை அங்கே விரித்து அவளே உள்ளே புகுந்து படுத்துப் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் வியர்த்தே விட்டது. "அக்கா, உங்களையும் பெட்டியில போட்டு அடுக்கிடவா?" என்று ஆட்கள் கேலி செய்தார்கள். பை தேறிவிட்டது. மனசுதான் தேறவில்லை. விடுமுறை நாளில் மேனேஜரிடம் அனுமதி வாங்கி, புருஷனையும் மகளையும் கிடங்குக்கே அழைத்து வந்துவிட்டாள்.

பலகைமேல் பையை விரித்தார்கள். பொடிசு உள்ளே நுழைந்ததும் அப்பா ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டார். அம்மா கம்பளிச் சட்டையோடு பக்கத்தில் ஒரு காலிப்பெட்டிமேல் உட்கார்ந்து, மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே காற்றாடிகள் இரைந்தன. அப்பா கையைத் தேய்த்துக்கொண்டு கதவுக்கும் பெட்டிக்குமாக நடந்தார்.

"குளிருதா?"

"இல்லம்மா. சூடா இருக்கு."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்டாள்.

"இல்லங்கறேன்ல."

பதில் உடனே வந்தது, கொஞ்சம் அதிகமாகவே உடனே. அம்மா குனிந்து பார்த்தாள். பிள்ளையின் தாடை இறுகியிருந்தது. பல் தந்தியடிக்காமல் இருக்கக் கடித்துப் பிடித்திருந்தாள். ஜிப்பை இறக்கி உள்ளே கையைவிட்டுத் துழாவினாள் அம்மா. பாதங்கள் ஐஸ்கட்டி. அதற்கும் கீழே இன்னொரு பிள்ளை படுக்கிற அளவுக்குப் பை காலியாகக் கிடந்தது. தன் உடம்பு பையை நிறைத்ததால் தனக்குச் சூடு நின்றதும், இவ்வளவு காலி இடத்தையும் சூடாக்க இந்த நோஞ்சான் உடம்பால் முடியாது என்பதும் அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"இவ்வளவு நடுங்கிக்கிட்டு சூடா இருக்குன்னு சொல்றியா? அன்னிக்கும் இப்படித்தான மறைச்ச! செத்துப் பொழச்சது போதாதா? மலையும் வேணாம், மண்ணும் வேணாம். எழுந்திரு!"

"பை பெருசு. அது என் தப்புடி, அவள ஏன்..." என்று அப்பா குறுக்கே வந்தார்.

"நீங்க சும்மா இருங்க!"

பொடிசு எழுந்து உட்கார்ந்தாள். அழவில்லை. "இதுக்குத்தான்மா நான் எதுவும் சொல்றதில்ல," என்றாள். "இருமினா வெளிய போகாதங்கற. குளிருதுன்னா மலையே வேணாங்கற. காய்ச்சல்னு சொல்லியிருந்தா நாடகத்துல விட்டிருப்பியா? மலையிலயும் சொல்ல மாட்டேன். சொன்னா டீச்சர் உனக்குப் போன் போடுவாங்க. நீ வந்து இழுத்துட்டுப் போயிடுவ."

அம்மாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. மலையில், இருட்டில், ஒரு கூடாரத்துக்குள் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருக்கும் மகள் கண்முன் வந்தாள். அதற்கு எந்தக் கடையில் பை விற்கிறது? வீட்டிலேயே வைத்துக்கொண்டால் மட்டும் என்ன, அங்கேயும் இவள் வாய் திறக்கப்போவதில்லை. ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து கடவுளையும் டாக்டரையும் பள்ளிக்கூடத்தையும் திட்டித் தீர்த்தவளுக்கு, பிள்ளையின் வாயைக் கட்டியது தானேதான் என்று இப்போது புரிந்தது.

கம்பளிச் சட்டையைக் கழற்றி மகளின் காலைச் சுற்றிப் பொத்தினாள். "சின்ன பையா மாத்திக்கலாம். மலைக்குப் போ. குளிருச்சுன்னா டீச்சர்கிட்ட சொல்லு. டீச்சர் போன் பண்ணினாலும் நான் ஓடி வந்து இழுத்துட்டுப் போக மாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

பொடிசு அவளை மேலும் கீழும் பார்த்தாள், கடையில் அம்மா பைகளைப் பார்த்த அதே சந்தேகத்தோடு. பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அப்போ ஒண்ணு சொல்லவா? கொஞ்ச நாளா ராத்திரில இருமல் வருதும்மா. உனக்குக் கேக்கக் கூடாதுன்னு தலகாணிய வாயில வச்சுக்கிட்டு இருமறேன்."

கதவருகே நடந்துகொண்டிருந்த அப்பா நின்றுவிட்டார். 'நீ எங்கேயும் போக வேண்டாம்' என்ற வார்த்தை அம்மாவின் நாக்கு நுனிவரை வந்து நின்றது. அதை விழுங்குவதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

"சொன்னியே, அதுவே நல்லது," என்றாள். "நாளைக்கு டாக்டர்கிட்ட காட்டலாம். அவர் போகலாம்னா போ. நான் குறுக்க நிக்க மாட்டேன்."

"சரி," என்றாள் பொடிசு. அவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்த இருமலை, அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே, வாய்விட்டு இருமினாள்.