சனியைப் பார்த்தவள்

கோழிக்குஞ்சு லேசில் பிடிகொடுக்கவில்லை. மூக்கன் அதன் காலில் சணலைச் சுற்றி முடிச்சுப் போடுவதற்குள் இரண்டு தடவை கைநழுவி, பந்தலில் போட்டிருந்த நாற்காலிகளுக்கு அடியில் புகுந்து கீச்சுக்கீச்சென்று ஊரைக் கூட்டியது. சனிக்கிழமையில் செத்தவர் துணைக்கு ஆள் தேடுவார் என்று பாடையில் ஒரு கோழிக்குஞ்சைக் கட்டி அனுப்புவது அந்தப் பக்கத்து வழக்கம். ஆளுக்குப் பதில் குஞ்சு போகட்டுமாம். குஞ்சைக் கேட்டுக்கொண்டா செய்கிறார்கள்!

சுகுணா நடுவீட்டில் புருஷனின் தலைமாட்டில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்த நாகராசு தண்ணீர் கேட்டான். அவள் சொம்போடு வந்தபோது வாங்கக் கை நீளவில்லை. ஆம்புலன்ஸ் தெருமுனைக்கு வருவதற்குள் எல்லாம் முடிந்துபோயிற்று. ஐம்பத்திரண்டு வயதெல்லாம் ஒரு வயதா? முந்தின நாள் மத்தியானம் வரை ஆலங்குடி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கடையில் உட்கார்ந்து, எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக்கம்பி சுற்றிக் காயில் கட்டிக்கொண்டிருந்த ஆள்.

"மேல நிக்கிற அந்தக் கொழல யாராச்சும் எறக்கிக்கிட்டு வாங்கடா!" வாசலில் நின்று குரல் கொடுத்தாள் சந்தனம். நாகராசுவின் அக்கா. அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். காலையிலிருந்து மார்பில் அடித்துக்கொண்டு அழுதவளுக்கு இப்போது அழுகை வற்றிக் கோபம் ஊறியிருந்தது. "பாடையிலயே வச்சுக் கொண்டுபோயி எரிச்சு விடுங்க. இனிமே அந்தச் சனியன் இந்த வீட்டுல இருக்கக் கூடாது."

இரண்டு பேர் மொட்டைமாடிக்குப் போய், தொலைநோக்கியை அதன் மூன்று காலோடும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு வந்து பந்தலில் நிறுத்தினார்கள். அதன் மேல் நாகராசு போர்த்தியிருந்த பழைய வேட்டி அப்படியே இருந்தது. கால்களுக்கு நடுவே, காற்றில் ஆடாமல் இருக்க அவன் தொங்கவிட்டிருந்த மோட்டார் இரும்புத்துண்டு டங்கென்று தரையில் இடித்தது.

குவைத்துக்குப் போனவர்கள் கம்பளியும் சென்ட் பாட்டிலும் கொண்டுவருவார்கள். நாகராசு ஒரு நீள அட்டைப்பெட்டியைச் சுமந்துகொண்டு வந்தான். டிவிதான் என்று தெருவே கூடி நின்று பார்த்தது. உள்ளே வெள்ளைக் குழாய் ஒன்று, முன்வாயில் உள்ளங்கை அகலக் கண்ணாடி, மூன்று கால், பின்னால் செருகுகிற குட்டிக் குட்டிக் கண்வில்லைகள். "இதுக்காடா அந்த வெயில்ல கெடந்த?" என்று சந்தனம் அன்றைக்கே தலையில் அடித்துக்கொண்டாள்.

மழை இல்லாத நாளெல்லாம் வெளிச்சம் இருக்கும்போதே மாடிக்குப் போய்விடுவான். காலை அகட்டி நிறுத்தி, இரும்பைத் தொங்கவிட்டு, பெரிய குழலின் முதுகில் உட்கார்ந்திருக்கும் சின்னக் குழலைச் செல்போன் டவரின் உச்சிக்குத் திருப்புவான். "சின்னதுலயும் டவரு நடுவுல நிக்கணும், பெருசுலயும் நடுவுல நிக்கணும். ரெண்டும் ஒத்துப்போச்சுன்னா இருட்டுனப்பறம் வானத்துல தொழாவ வேணாம்," என்பான். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். சொல்லுவான்.

நிலாவைப் பார்க்கத் தெருச் சனமெல்லாம் ஏறி வந்தது. வியாழனையும் அதன் பக்கத்தில் வரிசையாக நிற்கும் நாலு நிலாக்களையும் சுகுணாவே பார்த்து வாயைப் பிளந்திருக்கிறாள். சனி மட்டும் ஆகவே ஆகாது. கோயிலில் சனி பகவானை யாராவது நேருக்கு நேர் நின்று கும்பிடுவார்களா? பக்கவாட்டில் ஒதுங்கி நின்றுதானே கும்பிடுவது? அந்தப் பார்வை நேரே மேலே விழக் கூடாது. இவன் என்னடாவென்றால் கண்ணாடி வைத்துப் பெரிதாக்கிப் பார்க்கிறான்! சுகுணாவுக்கு ஏழரை வேறு நடந்துகொண்டிருந்தது. அவன் எத்தனையோ தடவை கூப்பிட்டும் அவள் அசைந்து கொடுக்கவில்லை.

நேற்றுச் சாயங்காலம் வரைக்கும்.

நேற்று டீயைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அவன் ஸ்டூலைத் துடைத்துப் போட்டுவிட்டு நின்றுகொண்டிருந்தான். "சுகுணா, இந்த வருசம் அதோட வளையம் நமக்கு நேரா இல்ல. ஓரங்காட்டி நிக்குது. நீ பக்கவாட்டுல நிக்க வேணாம்னு அதுவே பக்கவாட்டுல நின்னுக்கிட்டு இருக்கு. இதுக்கு மேல அது என்னதான் செய்யும், பாவம்!" என்றான்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போகட்டும் என்று உட்கார்ந்து கண்ணை வைத்தாள். மஞ்சளாக ஒரு சின்ன உருண்டை. அதன் குறுக்கே ஊசி செருகினாற்போல் மெல்லிய கோடு. அவ்வளவுதான்.

"இம்புட்டுத்தானா? இந்தச் சுண்டக்காய்க்கா இத்தன வருசமா பயந்து செத்தேன்?"

நாகராசு சிரித்தான். டீ சிந்தச் சிந்த, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவளும் சிரித்தாள். விடிந்தால் அவன் இல்லை.

சாயங்காலம் பார்த்தாள், விடியலில் போய்விட்டான். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? காலையிலிருந்து சுகுணாவின் நெஞ்சில் இதுதான் கிடந்து அறுத்தது. யாரிடமும் வாய் திறக்கவில்லை. பிள்ளை இல்லாததற்கே இந்த ஊர் அவளைத்தான் கைகாட்டியது. இப்போது புருஷனையும் பார்த்தே தின்றுவிட்டாள் என்று பேர் வாங்கினால் ஆயுசுக்கும் கழுவ முடியாது. அதை விடவும் பெரிய பயம், அது உண்மையாக இருந்துவிட்டால்?

"பாடையில எப்படிக்கா வக்கிறது? இரும்புல்ல," என்று தலையைச் சொறிந்தான் மூக்கன். அவன் நாகராசுவுக்குப் பங்காளி முறை, தம்பி. கொள்ளி வைக்கப்போவதும் அவன்தான்.

"அப்பக் கல்லப் போட்டு ஒடைச்சுட்டு அள்ளிட்டுப் போ." சந்தனம் வீட்டுக்குள் வந்தாள். சுகுணாவின் எதிரில் நின்றாள். "நேத்து சாயந்தரம் மாடியில ஒரே சிரிப்பா இருந்துச்சாமே. எதுத்த வீட்டுல சொல்றாங்க. அவன் மட்டுமா சிரிச்சான்? கூட யாரு இருந்தது? யாரு அதுல பாத்தது?"

நடுவீட்டில் இருந்த அத்தனை பொம்பளைகளும் ஒப்பாரியை நிறுத்திவிட்டுச் சுகுணாவின் முகத்தைப் பார்த்தார்கள். பொய் சொல்ல அவளுக்கு வராது. பிணத்துக்கு முன்னால் எப்படி வரும்?

"மதினி... நா..."

"நாந்தான் பாத்தேன்."

பிணத்தின் கால்மாட்டில் சுருண்டு கிடந்த பிச்சையம்மாள் எழுந்து உட்கார்ந்தாள். நாகராசுவைப் பெற்றவள். காலையிலிருந்து அழவும் இல்லை, ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கவும் இல்லை.

"நீயா?" சந்தனத்துக்கு நம்ப முடியவில்லை. "வாசப்படி எறங்கவே ஒனக்கு ஆளு வேணும். மாடிப்படி ஏறுனியாக்கும்?"

"எம்மவன் தூக்கிட்டுப் போனான். வேணும்னா அவனையே கேளு."

சந்தனம் ஓர் எட்டு முன்னால் வந்தாள்.

"ஆத்தா, நீ எதுக்கு..."

"ஒடைக்கிறதா இருந்தா அத ஏன்டி ஒடைக்கிற? அது என்ன பண்ணுச்சு? பாத்தது ஏங்கண்ணு. பாடையில வக்கிறதா இருந்தா என்னயத் தூக்கி வைங்கடா. ஏலே மூக்கா, வாடா, வந்து தூக்கு!" கிழவி இரண்டு கையையும் நீட்டினாள்.

மூக்கன் வாசலோடு நின்றுவிட்டான். சந்தனம் அம்மாவைப் பார்த்தாள், சுகுணாவைப் பார்த்தாள். பிறகு அப்படியே சரிந்து தம்பியின் காலைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். அதற்கப்புறம் குழலைப் பற்றி யாரும் பேசவில்லை. குஞ்சு மட்டும் பாடையோடு போயிற்று.

எல்லாம் முடிந்து, வீட்டைக் கழுவிவிட்டு, குளித்துவிட்டு வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பியிருந்தார்கள். தொலைநோக்கி நடுவீட்டு மூலையில் நின்றது. சுகுணா ஈரத்தலையோடு மாமியாரின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அத்தை, பாத்தது நாந்தான்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா..."

"எனக்குக் காது நல்லாக் கேக்கும்டி. அவன் அப்புடிச் சிரிச்சு நான் கேட்டு எத்தன காலமாச்சு. கல்யாணம் ஆன புதுசுல சிரிச்சது. கீழ படுத்துக்கிட்டு நானும் சிரிச்சேன், எதுக்குன்னே தெரியாம." பிச்சையம்மாளுக்கு அப்போதுதான் கண் கலங்கியது. "கடைசி நாளு அவனச் சிரிக்க வச்சு அனுப்பியிருக்க. ஒன்னயப் போயி நாலு பேரு வாயில போட்டு மெல்ல விடுவேனா?"

சுகுணா அவள் மடியில் விழுந்து தேம்பித் தேம்பி அழுதாள். கிழவி முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். அழுகை கொஞ்சம் அடங்கியதும், "எந்திரி. பாத்தேன்னு சொல்லிட்டேன்ல. பாத்துப்புடணும். மேல எங்கிட்டு நிக்கும் அது?" என்றாள்.

"வேணாம் அத்தை! எனக்குப் பயமா இருக்கு."

"எனக்கு மட்டும் இல்லையா? இனிமே எங்கிட்டருந்து அது எதத் தூக்கிட்டுப் போயிரும், சொல்லு."

"நீங்களும் போயிட்டா நான் யார்கிட்ட இருப்பேன்?"

கிழவி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டாள். குழலைக் கொல்லையிலேயே வைக்கிறேன் என்று சுகுணா சொன்னதும் காதில் ஏறவில்லை. அவன் வைத்த இடத்தில்தான் வைக்க வேண்டுமாம். ஒவ்வொரு படியாக உட்கார்ந்து, பின்பக்கமாகவே கையை ஊன்றி ஊன்றி ஏறினாள். சந்தனம் கீழ்ப்படியில் வந்து நின்று, "நான் வரமாட்டேன் ஆத்தா," என்றாள். சொன்னாளே தவிர, அம்மாவின் காலைப் படிக்குப் படி தூக்கி வைத்துக்கொண்டே மாடி வரைக்கும் வந்துவிட்டாள். வந்தவள் மேலே பார்க்காமல் தலைப்படியிலேயே முக்காட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

சுகுணா குழலைச் சுமந்து வந்து மூன்று காலையும் அகட்டி நிறுத்தினாள். இரும்பைத் தொங்கவிட்டாள். இதுவரை அவன் கேட்டதை எடுத்துக் கொடுத்ததோடு சரி, தானாகச் செய்தது இல்லை. தூக்கி இறக்கியதில் சின்னக் குழல் கோணியிருந்தது. மேற்கே செக்கர் இன்னும் முழுக்க அடங்கவில்லை. டவர் கறுப்பாகத் தெரிந்தது. அதன் உச்சியை முதலில் பெரியதில் பிடித்தாள், பிறகு சின்னதில் திருகித் திருகி நடுவுக்குக் கொண்டுவந்தாள். அதற்குள் தென்னைகளுக்கு மேலே மஞ்சள் புள்ளி தெளிந்து வந்துவிட்டது. குழலை அங்கே திருப்பி, கண்ணை வைத்தாள். கலங்கலாக இருந்தது. குழலா, தன் கண்ணா என்று தெரியாமல் முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டுத் திருகினாள். உருண்டையும் கோடும் நேற்றுப்போலவே வந்து நின்றன.

"இங்க கண்ண வைங்க அத்தை. கொழலத் தொட்டுறாதீங்க, ஆடிரும்."

பிச்சையம்மாள் ஸ்டூலில் உட்கார்ந்து, ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு குனிந்தாள்.

"ஒண்ணையும் காணமே."

"ரொம்ப ஒட்டாதீங்க. கொஞ்சம் தள்ளி."

"ஆங்... ஆமா." பொத்திய கையை இன்னும் இறுக்கினாள். "ஊசி குத்துன கடலையாட்டம் இருக்கு."

"அதுதான் அத்தை."

"இதுக்கா சிரிச்சான்?"

"இம்புட்டுத்தானான்னு கேட்டேன். அதுக்குச் சிரிச்சாங்க."

"ம்."

தலைப்படியிலிருந்து சந்தனம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பூமி சுற்றுகிற சுற்றில் எதுவும் குழலுக்குள் தங்காது. சற்று நேரத்தில் ஓரத்துக்கு நகர்ந்து வெளியே போய்விடும். அப்போது குழலை மயிரிழை மேற்கே தள்ளிக் கொடுக்க வேண்டும். கிழவி காணோம் என்று சொல்லட்டும் என்று சுகுணா காத்திருந்தாள். டவரில் சிவப்பு விளக்கு எரிய ஆரம்பித்தது. இந்நேரம் உள்ளே வெறும் இருட்டுத்தான் இருக்கும்.

பிச்சையம்மாள் கண்ணை எடுக்கவில்லை. சுகுணா குழலைத் தொடாமல், அவள் முதுகில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.