ஐந்து மனுவும் ஒரு தீர்மானமும்

வட்டக்கானலுக்குக் கீழே ஒற்றையடிப் பாதையில் இறங்கினால் எங்கள் ஊர். வைகாசி மழையில், அந்தப் பாதையில் இருந்த மரப்பாலத்தை ஓடை அடித்துக்கொண்டு போய்விட்டது. என் தங்கை மகள் சத்தியபிரியாவுக்கு ஐப்பசியில் பிரசவம். ஐப்பசித் தண்ணீரில் அந்த ஓடையை யாரும் கடக்க முடியாது. அதற்குள் பாலம் வேண்டும்.

ஊரில் மனு எழுதுவது என் சோலி. முதலமைச்சர், வனத்துறை அமைச்சர், எம்.எல்.ஏ., எம்.பி., கலெக்டர் என்று ஐந்து பேருக்கு எழுதினேன். வார்டு மெம்பர் ஜோதிமணி அக்காதான் முதல் கையெழுத்து. ஒவ்வொரு மனுவின் அடியிலும் மற்ற நான்கு பேருக்கும் நகல் என்று போட்டேன். அப்படிப் போட்டால் மனுவுக்குக் கனம் கூடும் என்று நினைப்பு.

எம்.எல்.ஏ. ஆபீசுக்குப் போன் செய்தபோது, முதலமைச்சருக்கே போயிருக்கிறதே, அங்கிருந்து வரட்டும் என்றார்கள். வந்தது. சென்னையிலிருந்து கலெக்டருக்கு, கலெக்டரிடமிருந்து பி.டி.ஓ.வுக்கு, அங்கிருந்து ஊராட்சிக்கு. ஆடி பாதி முடிவதற்குள் ஐந்தும் அதே வழியில் இறங்கிவிட்டன. ஊராட்சிச் செயலர் ராஜமுருகன் என் முன்னாலேயே அவற்றை ஜோதிமணி அக்காவிடம் கொடுத்து, உங்கள் வார்டு விஷயம், விசாரித்து அறிக்கை தரவேண்டுமாம் என்றார்.

அக்கா தன் கையெழுத்தையே ஐந்து தடவை பார்த்தார்.

“ஏலே, மெட்ராஸ் வரைக்கும் எழுதுனியே. நானும் ஓட்டு வாங்கித்தான வந்தேன், எனக்கு ஒண்ணு எழுதக்கூடாதா?”

ராஜமுருகன்தான் வழி சொன்னார். எம்.எல்.ஏ. நிதி ஒதுக்கவும், பாதை காட்டுக்குள் கிடப்பதால் வனத்துறை அனுமதிக்கவும், முதலில் கிராமசபைத் தீர்மானம் வேண்டும். அடுத்த கிராமசபை ஆகஸ்ட் பதினைந்து. ஐம்பது பேர் இருந்தால்தான் செல்லும்.

அன்றைக்கு விடுமுறைக்கு வரும் சுற்றுலாக் கூட்டத்தில் வட்டக்கானலில் கால் வைக்க இடமிருக்காது. எங்கள் ஆட்களில் பாதிப்பேருக்கு அங்கே கெஸ்ட் ஹவுஸ்களில்தான் வேலை. அக்கா ஒவ்வொன்றாக ஏறி இறங்கி, இரண்டு மணி நேரம் ஆள் விடச் சொல்லிக் கேட்டார். இழுத்தடித்த ஒரு முதலாளியிடம், “பாலம் இல்லன்னா மழைக்கு ஆள் வராதுங்க, நீங்களே ரூம் கழுவிக்கோங்க” என்றாராம்.

பதினோரு மணிக்கு, ஓடைக்கு அக்கரையில் ஊராட்சி ஆபீசில் நாற்பத்தெட்டுப் பேர். ராஜமுருகன் வாட்சைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்போதுதான் என் தங்கையும் சத்தியபிரியாவும் முழங்கால்வரை நனைந்த சேலையோடு வந்தார்கள். ஓடையில் இறங்கி வந்திருந்தார்கள். தீர்மானத்தை நான் வாசித்தேன். யாரும் எதிர்க்கவில்லை.

நிதியும் அனுமதியும் வந்து, புரட்டாசிக் கடைசியில் பாலம் போட்டார்கள். ஐப்பசி ஒன்பதாம் தேதி வெள்ளனே சத்தியபிரியாவை டோலி கட்டி அதன் வழியாகத்தான் தூக்கிப் போனோம். ஒரு பக்கக் கைப்பிடி இன்னும் வரவில்லை. அதற்கு மனு எழுதிவிட்டேன், ஜோதிமணி அக்காவுக்கு. நகல் யாருக்கும் இல்லை.