கையில் வாங்காத நாற்று

சாயிரா பானு தோட்டத்துக்கு வருவதை நிறுத்திவிட்டாள். முதல் ஞாயிறு வரவில்லை, ஏதோ சோலி என்று விட்டேன். அடுத்த ஞாயிறும் வரவில்லை என்றதும் எனக்குப் பொசுக்கென்று கோபம் வந்தது. அவள் கொண்டுவந்த மிளகாய் நாற்றுக்கு நான் ஒருத்தியே தண்ணீர் ஊற்றிச் சாக வேண்டுமா?

தோட்டம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். திருச்செங்கோட்டில் எங்கள் குடியிருப்பில் பூங்காவுக்கென்று விட்ட இடம் அது. ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளை நிறுத்தி, டீசல் சிந்தி, மிச்ச இடத்தில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில், பொதுத் தோட்டம் போடலாம், விருப்பமுள்ளவர்கள் ஞாயிறு காலையில் வரலாம் என்றார்கள். விருப்பம் எல்லோருக்கும் இருந்தது. மண்வெட்டியைத் தூக்கத்தான் ஆளில்லை. என் வீட்டுக்காரர் செல்லமுத்துவே முதுகு பிடித்துக்கொண்டது என்று நழுவிவிட்டார். கடைசியில் நின்றது நானும் சாயிராவும்தான்.

அவள் சேலத்துக்காரி. வீட்டுக்காரர் மொய்தீன் இங்கே ரிக் வண்டிக்கு உதிரிபாகக் கடை போட்டதால் குடிவந்தவள். வயதில் எனக்கு மகள் மாதிரி, வாயில் எனக்குச் சமம். நான் பாத்தியைக் கோணலாகப் பிடித்தால், "அக்கா, இது பாத்தியா, பாம்பா?" என்பாள். நானும் விடமாட்டேன். சத்துணவுக் கூடத்தில் வருடக்கணக்கில் கத்திப் பழகிய தொண்டை என்னுடையது. பேசிச் சிரித்து, பாதிக் களையை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போவோம். ஓய்வு பெற்ற பிறகு எனக்கென்று கிடைத்த ஒரே சிநேகிதி அவள். அவள் வராத அன்று தனியாகக் களை பிடுங்கும்போது எனக்கு அழுகை முட்டியது. இதைச் சொல்ல எனக்கு என்ன வெட்கம்?

நேராக அவள் வீட்டுக்கே போய்க் கதவைத் தட்டினேன்.

"ஏஞ்சாமி, ஒடம்புக்கு முடியலையா?"

"நல்லாத்தான் இருக்கேனுங்க."

அக்கா என்ற சொல்லைக் காணோம். அதுவே எனக்குச் சுருக்கென்றது.

"அப்பறம் என்ன கேடு? தோட்டத்துப் பக்கம் எட்டிப் பாக்க ஆகாதா?"

அவள் கதவைப் பிடித்தபடியே நின்றாள். "நான் கையில குடுத்தா உங்களுக்கு ஆகாதுன்னு தெரியாதுங்க. தெரிஞ்சிருந்தா மொதல்லயே கீழ வெச்சிருப்பேன்."

"நான் எப்ப அப்படிச் சொன்னேன்? உன்ற கையில டீ வாங்கிக் குடிச்சவ நானு!"

"குடிச்சீங்க. அதனாலதான் தாங்க முடியலைங்க்கா. கடைசியா வந்த அன்னைக்கு நாத்தை நீட்டினேன். கையைப் பின்னால இழுத்துக்கிட்டு, 'கீழ வெச்சுரு சாமி'ன்னீங்க. மறுபடி நீட்டினேன், மறுபடியும் அதேதான். இங்க குடிவந்த புதுசுல ஒரு வீட்டுக்கு நோன்புக் கஞ்சி கொண்டு போனேன். அவங்களும் கையில வாங்கல, கீழ வெச்சுட்டுப் போங்கன்னாங்க. நான் கேட்டைத் தாண்டல, அதைச் சாக்கடையில ஊத்தற சத்தம் கேட்டுச்சு."

அன்றைக்கு நடந்தது அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. கத்திவிட்டேன், வழக்கம்போல.

"அடி கூறு கெட்டவளே, அது மிளகா நாத்துடி! மிளகாயக் கைக்குக் கை வாங்கினா ரெண்டு பேருக்கும் சண்ட வருமில்ல? என்ற மருமக குடுத்தாலும் கீழ வெக்கச் சொல்லித்தான் எடுப்பேன். உன்றகூடச் சண்ட வந்துரக் கூடாதுன்னுதான் கையை இழுத்தேன்!"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். "எங்க வீட்ல உப்புக்கு அப்படிச் சொல்லுவாங்க. நாத்துக்குமா?"

"நாத்தா இருந்தா என்ன, காயா இருந்தா என்ன? மிளகா மிளகாதான?"

"அதை அன்னைக்கே வாயத் திறந்து சொல்லியிருக்கலாம்ல?"

எனக்குத் தெரிந்தது எல்லோருக்கும் தெரியும் என்று இருந்துவிட்டேன். கஞ்சியைக் கொட்டியது எந்த வீடு என்று கேட்டேன்.

"சொன்னா நீங்க போய்ச் சண்ட போடுவீங்க."

"போடத்தான் போவேன்."

"அதான் சொல்ல மாட்டேன்" என்று சிரித்துவிட்டாள்.

அடுத்த ஞாயிறு வந்தாள். பட்டுப்போன நாற்றுகளுக்குப் பதிலாகப் புதிதாக ஒரு கட்டு கொண்டுவந்திருந்தாள். என்னைப் பார்த்துக்கொண்டே குனிந்து தரையில் வைக்கப் போனாள். நான் கையை நீட்டினேன்.

"கையிலயே குடு சாமி."

"சண்ட வருமேக்கா?"

"அதான் வந்து முடிஞ்சுருச்சே. இனி என்ன, குடு."

ஈர மண்ணோடு நாற்றுக்கட்டை என் உள்ளங்கையில் வைத்தாள். வைத்த கையை அவளும் உடனே எடுக்கவில்லை, நானும் இழுக்கவில்லை. பிறகு வரப்போரம் போய் நின்று, நான் தனியாகப் பிடித்து வைத்திருந்த பாத்தியை ஒரு பார்வை பார்த்தாள்.

"அக்கா, நான் இல்லாம இது இன்னும் கோணலாப் போச்சே!"

"பாத்தியா?" என்றேன். "கையில வாங்குன ஒடனே மிளகா வேலையக் காட்டிருச்சு."