ஆளில்லாத அறையில் இருவர் படிக்கிறார்கள்

1

இந்தக் கதை எனக்கு ஒரு காத்திருப்பு அறையில் கிடைத்தது. வீட்டுப் பிளான் விஷயமாக, கட்டட வரைபடம் போடும் அலுவலகம் ஒன்றுக்குப் போயிருந்தேன். உட்கார்ந்த இடத்தில் கண்ணை மூடி இறைவனை வேண்டிக்கொள்வது என் வழக்கம். வேண்டி முடித்துக் கண்ணைத் திறந்தால் கும்மிருட்டு. இத்தனை வருடப் பக்திக்கு இதுதான் பதிலா என்று ஆடிப்போய்விட்டேன். அப்போது கதவு திறந்தது. ஒரு பெண் கையை மட்டும் உள்ளே நீட்டி ஆட்டினாள். விளக்கு எரிந்தது.

"அசையாம இருந்தா ஆளில்லைன்னு நினைச்சுக்கும் சார்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் கக்கத்தில் ஒரு தலையணைப் புத்தகம்: பசுமைக் கட்டட நிபுணர் தேர்வுக்கான வழிகாட்டி.

மற்றதெல்லாம் கற்பனை. அந்தக் கை மட்டும் நிஜம்.

2

முதல் தொடக்கம்: "பூமி வெப்பமடைந்துகொண்டிருக்கும் இந்தக் காலகட்டத்தில்..." (இது கட்டுரை. அடித்துவிட்டேன்.)

இரண்டாவது: "அவள் கண்களில் ஒரு பசுமை..." (ஐயோ.)

மூன்றாவது: அண்ணியும் நாத்தனாரும் ஒரே அலுவலகத்தில் வரைபடம் போடுகிறவர்கள். (இது இருக்கட்டும்.)

மேனேஜர் இருவரையும் கூப்பிட்டுச் சொன்னார்: அடுத்த மாதம் முதல் வரைபடப் பிரிவில் ஒருவருக்குத்தான் வேலை. பசுமைத் தேர்வில் யாருக்கு மதிப்பெண் அதிகமோ, அவருக்கு. இருவரும் ஒரே வீட்டில் இருப்பவர்கள் என்பதை, படிக்கிற நீங்கள் மறந்துவிடாதீர்கள். ஜெயித்தவர் தினமும் காலையில் தோற்றவரின் கண்ணெதிரே டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு கிளம்பியாக வேண்டும்.

வீட்டில் படிக்க வழியில்லை. அண்ணிக்கு இரட்டைக் குழந்தைகள். இரண்டுக்கும் தாழ்ப்பாள் திறக்கத் தெரிந்துவிட்டது. அதனால் மதிய இடைவேளையில் அலுவலகத்தின் சன்னலில்லாத மீட்டிங் ரூமில் படிக்கிறார்கள். அந்தக் கட்டடமே பசுமைச் சான்றிதழ் வாங்கியது. விளக்குக்கு சுவிட்ச் கிடையாது. சுவிட்சைப் பிடுங்கியதற்கும் சேர்த்துத்தான் அந்தச் சான்றிதழுக்குப் புள்ளி வாங்கியிருக்கிறார்கள். ஆள் அசைந்தால் எரியும், இல்லாவிட்டால் அணையும். அதைக் கண்காணிக்கும் சென்சாருக்குக் கதவோரத்து நாற்காலி ஒன்றுதான் தெரியும். ஆகவே ஒருவர் அங்கே உட்கார்ந்து கையை ஆட்ட வேண்டும், இன்னொருவர் படிக்க வேண்டும்.

(ஆட்டிக்கொண்டே படிக்கலாமே என்கிறீர்கள். வீட்டில் செய்து பார்த்தேன். ஒரே வரியில் நின்றேன். கொசு அதிகமா என்று மனைவி கேட்டாள். கைபேசி டார்ச்சை அடிக்கலாமே என்று மட்டும் கேட்காதீர்கள். கேட்டால் கதை இங்கேயே முடிந்துவிடும்.)

3

"அண்ணி, டேபிள் ஃபேன்ல ஒரு துணியைக் கட்டி ஆடவிட்டா?"

"துணிக்கெல்லாம் அது ஏமாறாதுடி. உடம்புச் சூடு வேணும் அதுக்கு."

"அப்ப வெந்நீர்ப் பை?"

கட்டினார்கள். கதவோரத்து நாற்காலியில் வைத்த, தலையாட்டும் ஃபேனின் கழுத்தில் வெந்நீர்ப் பை இப்படியும் அப்படியும் போய்வந்தது. சென்சார் அதை மனிதராக ஏற்றுக்கொண்டது. இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, கழிப்பறைத் தொட்டியில் தண்ணீர் மிச்சம் பிடிப்பது பற்றி நிம்மதியாகப் படித்தார்கள். பை ஆறியது. இருட்டியது. அண்ணி தட்டுத்தடுமாறிப் போய் மறுபடி கெட்டிலைப் போட்டாள்.

"இந்த லைட்டு தின்ற கரண்ட்டை விட உங்க கெட்டில் அதிகம் தின்னுது அண்ணி. எனர்ஜி பாடத்துல போட்டிருக்கு."

"அந்தப் பாடத்துக்கு நாம இன்னும் வரவே இல்லையே. நீ எப்படிப் படிச்சே?"

"பாத்ரூம்ல."

"அங்கயும் சென்சார்தானே?"

"காலை ஆட்டிட்டே படிச்சேன்."

"கள்ளி!"

மேனேஜர் எட்டிப் பார்த்தார். "யாருக்கு உடம்பு சரியில்ல?"

"ஃபேனுக்கு சார்" என்றாள் நாத்தனார். ஃபேன் பறிமுதலானது.

4

அதன்பிறகு முறை வைத்துக்கொண்டார்கள். ஒரு நாள் இவள் ஆட்ட, மறுநாள் அவள். தேர்வுக்கு முந்தின நாள் ஆட்ட வேண்டியவள் அண்ணி. நாத்தனார் சத்தமாகப் படித்தாள்:

"அறையில் ஆள் இல்லாதபோது விளக்கு தானாக அணைந்தால் எந்தப் பிரிவில் புள்ளி..."

விளக்கு அணைந்தது.

"அண்ணி?"

"ம்."

"இருக்கீங்களா?"

"இருக்கேன். கை வலிக்குதுடி."

கை உண்மையிலேயே வலித்ததா? எழுதுகிற எனக்கே தெரியவில்லை. முந்தைய வரைவில் "அண்ணியின் நெஞ்சில் பொறாமைப் பாம்பு" என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். பாம்பெல்லாம் இல்லை. கெடுதல் ஒன்றும் செய்ய வேண்டாம், சும்மா இருந்தாலே போதும் என்று அவளுக்குத் தோன்றியிருக்கலாம். உலகத்தில் பாதிக் கெடுதல் இப்படிச் சும்மா இருப்பதால்தான்

(பிரசங்கம். நிறுத்திக்கொள்கிறேன்.)

5

மூன்று முடிவுகள் யோசித்தேன்.

அண்ணி அசையாமலே இருக்கிறாள், வேலை அவளுக்கு. பிறகு அந்த வீட்டில் இரவுச் சாப்பாட்டை யார் பரிமாறுவது? என்னால் அந்தக் காட்சியை எழுத முடியவில்லை.

அண்ணி மனம் திருந்திக் கை ஆட்டுகிறாள், தோற்கிறாள். என் நீதிக்கு அவள் சம்பளம் போக வேண்டுமா?

இருவருக்கும் சம மதிப்பெண். இதைப் படித்தால் நீங்கள் புத்தகத்தை மூடிவிடுவீர்கள். நானும்தான்.

இருவருக்காகவும் வேண்டிக்கொண்டேன். இல்லாதவர்களுக்காக வேண்டினால் ஆண்டவன் என்ன செய்வான், பாவம்.

6

வேறு வழி தெரியாமல் நானே அந்த அறைக்குள் போனேன். கதவு திறந்ததும் விளக்கு எரிந்தது.

"யார் சார் நீங்க?" என்றாள் அண்ணி.

"எழுதறவன்மா."

"எதை?"

"உங்களைத்தான்."

நாத்தனார் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "கிளையண்ட் போல இருக்கு அண்ணி. தண்ணி குடுங்க."

"அம்மா, நீங்க ரெண்டு பேரும் படிங்க. நான் கையை ஆட்டறேன்."

அண்ணி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "எழுதறவருன்னா, யாருக்கு வேலைன்னும் எழுதிட வேண்டியதுதானே?"

"அது எனக்கு வரலைம்மா. இது வரும்."

அவள் தோளை நீவிக்கொண்டே எழுந்தாள். வலி நிஜம்தான் போலிருக்கிறது. அல்லது எனக்காக நீவினாளோ என்னவோ. போய் நாத்தனார் பக்கத்தில் உட்கார்ந்தாள். நாத்தனார் நிமிரவில்லை. புத்தகத்தை மட்டும் நடுவில் தள்ளி வைத்தாள்.

"எந்தப் பக்கம்டி?"

"உங்களுக்குத் தெரியாத இடத்துல இருந்து ஆரம்பிங்க. எனக்கு இன்னொரு தடவை படிச்ச மாதிரி ஆச்சு."

இப்போது என் வலது கை காற்றில் ஆடிக்கொண்டிருக்கிறது. இந்தப் பத்தியை இடது கையால் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நாளை யாருக்கு வேலை, யாருக்கு வீடு என்று எழுத எனக்குக் கையில்லை. அவர்கள் இன்னும் எனர்ஜி பாடத்தின் நடுவில்தான் இருக்கிறார்கள். என் தோள் இறங்குகிறது.

நீங்கள் இவ்வளவு நேரமாக அசையாமல் படித்துக்கொண்டிருக்கிறீர்கள் அல்லவா? கொஞ்சம் இப்படி வாருங்கள். நாற்காலி சூடாகத்தான் இருக்கும். பரவாயில்லை, உட்காருங்கள்.