ஆறு மணி வெயில்

அன்று அலுவலகத்தில் மூன்று பேர் இருந்தோம். மேசையின் தலைப்பக்கம் கட்டடக் கலைஞர் ஸக்கரியா. ஜன்னலுக்கு முதுகு காட்டி, வரைபடம் போடும் றம்ஸீன். கதவோரம், கடிதங்களுக்கும் குறிப்புகளுக்கும் பொறுப்பான நான். மேசை நடுவில், திருகோணமலைக் கடற்கரையில் எழும்பிக்கொண்டிருக்கும் ஓவியக்கூடத்துக்கு அட்டையில் செய்த சிறு மாதிரி. மாத்தளையில் விடியற்காலையிலிருந்தே மழை.

அங்கே கட்டட வேலையை நடத்தும் மேசன் பாஸ் முந்தின நாள் அனுப்பிய போட்டோவை றம்ஸீன் காட்டினான். காலை ஆறு மணி. கடலிலிருந்து எழுந்த வெயில் கிழக்கு ஜன்னலால் நுழைந்து எதிர்ச்சுவர் முழுக்கப் படிந்திருந்தது. கூடத்தைக் கட்டச் சொன்ன சந்திரகாந்தா அம்மாவின் காலஞ்சென்ற கணவர் வரைந்த நாற்பது நீர்வண்ண ஓவியங்களும் அந்தச் சுவருக்குத்தான். நேர் வெயில் பட்டால் அவை வெளிறிப்போகும்.

"ஸுலைஹா தாத்தா, உங்க குறிப்புல அந்தச் சுவர்ல வெயிலே விழலியே?" என்று என்னைக் கேட்டான். எங்கள் பேச்சில் அக்கா தாத்தா, அண்ணன் நானா.

விழவில்லைதான். பதினொரு மாதம் அட்டை மாதிரியை எங்கள் மொட்டைமாடியில் வைத்து, மணிக்கொரு தடவை வெயில் விழும் இடத்தைப் பார்த்து எழுதியவள் நான். இங்கே சூரியன் மலைக்கு மேலே வரும்போதே உயர்ந்துவிடுகிறது. கடலில் மலை இல்லை என்பது மலைக்கு நடுவில் பிறந்த எங்கள் மூவருக்கும் தோன்றவேயில்லை.

"கடலுக்குள்ள ஒரு மலை கட்டச் சொல்லி எழுதுங்க" என்றான் றம்ஸீன்.

ஸக்கரியா சிரிக்கவில்லை. "ஜன்னல அடைச்சிட்டா?"

"அடைச்சா கடல் தெரியாது நானா. காலையில படத்தையும் கடலையும் ஒண்ணாப் பாக்கணும்னுதானே அந்தம்மா கேட்டாங்க" என்றேன்.

அவர் போட்டோவைத் திரும்பவும் பார்த்தார். "நிறம் போக நாலஞ்சு வருஷமாகும். அந்தம்மாக்கு எழுபத்தெட்டு வயசு."

றம்ஸீன் போனைக் கவிழ்த்து வைத்தான்.

"உள்ளத அவங்களுக்கு நான் எழுதுறேன் நானா" என்றேன்.

"எழுதினா இந்த வேலை நம்ம கையில ஈக்காது. உங்க வேலையும்தான். நான் ஒப்பம் வெக்க மாட்டேன்."

அந்த அம்மாவுக்குக் காது மந்தம். எதையும் கடிதத்தில்தான் தெரிவிக்க வேண்டும். ஒரு பக்கம் போதுமாக இருந்தது. முதலாவது, ஒளிக்குறிப்பில் உள்ள தவறு என்னுடையது. இரண்டாவது, ஓவியங்களைப் பின்னறைக்கு மாற்றினால் அவை பிழைக்கும். அங்கிருந்து கடல் தெரியாது. மூன்றாவது, இரண்டையும் சேர்த்துத் தர எங்களால் முடியாது.

கீழே என் பெயரை மட்டும் எழுதினேன். உறையை ஒட்டி, நனையாமல் பைக்குள் வைத்துத் தபால் கந்தோருக்கு நடந்தேன். பதிவுத் தபால் என்றேன். கவுண்டரில் இருந்தவர் முத்திரை குத்தி, மற்றக் கடிதங்களோடு சாக்கில் போட்டார்.