சமதரைக்கு மட்டும் பெட்ரோல்

பையன் பெயர் நாணு. லோயர் பரேலில் ஒரு மில் ஆபீஸில் கணக்குப் பிரிவு. ஜாகை சயானில், தாயார் நாகலக்ஷ்மி அம்மாளோடு. ஜாதகத்தோடு வந்த விவரம் இவ்வளவுதான். ஆனால் மாட்டுங்காவில் அவனைப் பற்றிப் பேசியவர்கள் இதையெல்லாம் விட்டுவிட்டு ஒன்றைத்தான் முதலில் சொன்னார்கள்: அவனிடம் மோட்டார் சைக்கிள் இருக்கிறது.

யுத்தம் முடிந்து இரண்டாவது தை. பட்டாளத்துக்காரர்கள் மூட்டை கட்டியபோது விட்டுப்போன சாமான்களைச் சர்க்கார் டிஸ்போசல் என்ற பெயரில் ஏலம் விட்டுக்கொண்டிருந்தது. மூளை உள்ளவன், இல்லாதவன் எல்லாரும் எதையாவது வாங்கினார்கள். கூடாரத் துணியில் கோட்டுத் தைத்துக்கொண்டவர்கள் உண்டு. பெண்ணின் தகப்பனார் அனந்தநாராயணன் குடியிருந்த கட்டடத்திலேயே ஒருவர் பெட்டி நிறையக் கொசுவலைக் கொக்கி வாங்கிவந்து, எதற்கு வாங்கினோம் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருந்தார்.

அனந்தநாராயணன் கோட்டைப் பகுதியில் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் ஹெட் கிளார்க். மனிதர்கள் எப்படி எப்படியெல்லாம் சாகிறார்கள் என்று முப்பது வருஷமாகப் படித்துப் படித்து, உயிரோடிருப்பவர்கள் மேல் அவருக்கு மதிப்புக் குறைந்துவிட்டது. மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் குமாஸ்தாவைப் பற்றி அவருக்கு ஓர் அபிப்பிராயம் இருந்தது. ஆனால் பெண்ணுக்கு இருபத்துநாலு வயதாகிவிட்டால் தகப்பன் தன் அபிப்பிராயங்களைக் கொடியில் போட்டுவிட்டுத்தான் கதவைத் திறக்க வேண்டும். விஜயலக்ஷ்மி தாதரில் ரேஷன் ஆபீஸில் வேலை பார்த்தாள். அந்த வேலையினாலேயே இரண்டு வரன்கள் தட்டிப்போயிருந்தன.

"இதையும் நொட்டைச் சொல் சொல்லிக் கலைச்சேளோ, நான் பாலக்காட்டுக்கு ரயிலேறிடுவேன்" என்று மனைவி விசாலாக்ஷி காலையிலேயே எச்சரித்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை தெரு முனையில் தகரத்தில் ஆணி கொட்டுவது போல ஒரு சத்தம் கேட்டது. மூன்று மாடியிலும் ஜனங்கள் பால்கனிக்கு வந்தார்கள். வண்டி கன்றுக்குட்டி அளவுதான் இருந்தது. பாசிப் பச்சையில் பட்டாளத்துப் பெயின்ட். அதன்மேல் முழங்கால் இரண்டும் வெளியே துருத்த, வெள்ளைத் தொப்பியும் புது பூட்ஸுமாக நாணு. ஆகாய விமானத்திலிருந்து குடை கட்டி இறக்கிய ஜாதி வண்டி என்று, இறங்குவதற்கு முன்பே கீழ்வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டான். அவன் தாயாரும் மாமன் ஒருவரும் பஸ்ஸில் வந்து சேர்ந்தார்கள்.

பஜ்ஜி, சொஜ்ஜி, காப்பி. பெண் பாடினாள். பாட்டு முடிந்ததும் நாகலக்ஷ்மி அம்மாள், "அந்த ஜன்னல் வரைக்கும் நடந்துட்டு வாயேன் குழந்தே" என்றாள். விஜி நடந்தாள். பிறகு பேப்பரைக் கொடுத்துத் தூரத்தில் பிடித்துப் படிக்கச் சொன்னாள். விஜி படித்தாள். கண், கால், தொண்டை மூன்றும் பாஸானதும் நாகலக்ஷ்மி அம்மாள் வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னாள்:

"கல்யாணத்துக்கப்புறம் உத்தியோகம் கித்தியோகம் கூடாது. எங்காத்திலே வழக்கமில்லே, ஆக்கும்."

அனந்தநாராயணன் தண்ணீர் குடிக்கிற சாக்கில் சமையலறைக்குப் போனார். விஜி டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அப்பா, நான் வேண்டாம்னா திமிர்ங்கறா. அதையே நீங்க சொன்னா விவேகம்ங்கறா. அதனாலே நான் ஒண்ணும் சொல்லப் போறதில்லே. நீங்களே நன்னாப் பார்த்துச் சொல்லுங்கோ. சரின்னா சரி."

"உனக்கு வேலையை விட இஷ்டமா?"

"அங்கே க்யூவிலே நிக்கறவன்கூட என்னைப் பார்த்து மரியாதையா 'பாயி'ங்கறான். இங்கே என்னை நடக்கச் சொல்றா." கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தவள், யாரையும் பார்க்காமல் தாழ்ந்த குரலில் சொன்னாள்: "நான் நடந்து காட்டியாச்சு. வண்டி நடக்கறதையும் யாராவது பார்த்துட்டா நன்னா இருக்கும்."

விசாலாக்ஷி நாக்கைக் கடித்துக்கொண்டாள். நாணுவின் மாமன் மட்டும் பஜ்ஜி புரையேறச் சிரித்தார். நாணு சிரிக்கவில்லை.

"பேஷா! வாங்கோ மாமா, செம்பூர் வரைக்கும் ஒரு ரவுண்டு அடிக்கலாம்" என்று எழுந்தான். வாசற்படியில் இறங்குவதற்குள் முகம் வாடிவிட்டது. "செம்பூர் வேண்டாம் மாமா. பெட்ரோல் கூப்பன் காலம். சயான் பாலம் வரைக்கும் போவோம்."

பின்னால் சாமான் கட்டும் இரும்புச் சட்டத்தில் ஒரு துண்டை மடித்துப் போட்டு அனந்தநாராயணன் உட்கார்ந்தார். வேஷ்டியைத் தொடைக்கடியில் இடுக்கிக்கொண்டு, எதைப் பிடிப்பது என்று தெரியாமல் தம் தலைத் தொப்பியைப் பிடித்தார். கிங்ஸ் சர்க்கிளைத் தாண்டும்வரை வண்டி ஓடியது. காற்று முகத்தில் அடித்தது. டிராமுக்கும் ரயிலுக்கும் முண்டியடித்தே கிழவனான மனுஷனுக்கு அது பிடிக்கவில்லை என்று சொன்னால் பொய். பையன் பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டார்.

சயான் பாலம் மேடாக எழும்புகிற இடத்தில் என்ஜின் நின்றது.

"இறங்குங்கோ மாமா."

"என்ன, ரிப்பேரா?"

"ரிப்பேரா! ஏக்தம் புது என்ஜின் மாதிரி." நாணு இறங்கி, பெட்ரோல் குழாயைத் திருகி மூடினான். வகுப்பெடுப்பவன் போல விரலை மடக்கினான். "மேட்டிலே ஓட்டினா ரெட்டைச் செலவு. பள்ளத்திலே என்ஜின் எதுக்கு, தானே உருளும். அதனாலே மேட்டிலே தள்ளணும், பள்ளத்திலே உருளணும், சமதரையிலே மட்டும் பெட்ரோல். சமதரையிலேயும் ஜனங்க இருக்கிற இடமாப் பார்த்து. வண்டி வாங்கி ஆறு மாசமாச்சு மாமா, முதல் மாசத்துக் கூப்பனே இன்னும் முழுக்கத் தீரலே. எங்க ஆபீஸிலே ஒத்தரும் நம்பமாட்டேங்கறா."

அனந்தநாராயணன் நம்பினார். சிக்கனம் அவருக்கும் தெரியும். காப்பிப் பொடியில் சிக்கோரி கலப்பது சிக்கனம். யானையை வாங்கி அங்குசத்தைத் தாமே முதுகில் குத்திக்கொள்வதற்கு வேறு பெயர்.

பாலத்தின் உச்சிவரை நாணு தள்ள, அவர் கூட நடந்தார். உச்சியில் இருவரும் ஏறிக்கொண்டார்கள். தாராவிப் பக்கத்துச் சரிவில் வண்டி சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு இறங்கியது. "பார்த்தேளா, பார்த்தேளா! ஒரு சொட்டு செலவில்லே!" என்று நாணு கூவினான். செலவில்லாமல் இறங்கினவன் செலவில்லாமல் ஏறவும் வேண்டும் என்பது அடிவாரத்தில் வண்டி நின்றபோதுதான் அனந்தநாராயணனுக்கு உறைத்தது.

தோல் பதனிடும் கொட்டகைகளின் நாற்றம் அங்கே சுவர் மாதிரி நின்றது. அவர் அங்கவஸ்திரத்தால் மூக்கைப் பொத்திக்கொண்டார். கொட்டகை வாசலில் ஈரத் தோல்களை உதறிக்கொண்டிருந்த அய்யாத்துரை திருநெல்வேலிப் பக்கத்து ஆள். வண்டியைத் திருப்பி, தள்ள ஆரம்பித்த இருவரையும் பார்த்துக் கிட்டே வந்தான்.

"என்ன சாமி, வண்டி மக்கர் பண்ணுதோ?"

"இல்லே, நன்னா ஓடும்" என்றான் நாணு.

"எண்ணெ தீந்துட்டோ?"

"நிறைய இருக்கு."

"பின்ன எதுக்குத் தள்ளுதிய?"

நாணு விரலை மடக்கி, மேடு, பள்ளம், சமதரை மூன்றையும் விளக்கினான். அய்யாத்துரை வாயைத் திறந்தபடி கேட்டான். குழாயிலிருந்து குடத்தோடு வந்த பேராச்சி என்ற பொம்பிளையும் நின்று கேட்டாள்.

"ஏ அய்யாத்துர, வெளங்கிச்சா ஒனக்கு?" என்றாள் அவள். "செருப்பு தேஞ்சிரும்னு கையில தூக்கிட்டுப் போற கூட்டம். இது கொஞ்சம் பெரிய செருப்பு."

"பின்னால நிக்கது யாரு, தோப்பனாரா?"

"மாமான்னுல்லா கூப்பிட்டாவ. பொண்ணு குடுக்க மாமனாரு. தள்ளு கூலிக்கு ஆளு வச்சிருக்காவ!"

நாலு பேர் சிரித்தார்கள். அய்யாத்துரை சிரித்து முடித்துவிட்டு, "சரி சரி, வயசான மனுசன். ரெண்டு பயலுவளக் கூப்பிடுதேன், மேல ஏத்தி விட்டுருவானுவ" என்றான்.

நாணு அனந்தநாராயணனின் காதருகே குனிந்தான். "வேண்டாம் மாமா. கை வெச்சா காசு கேப்பான். அதுவும் தோலைத் தொட்ட கை." ரகசியம் பேசுவதாக நினைத்துக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கும்படி, எல்லாருக்கும் தெரிந்த தமிழில் சொன்னான்.

அய்யாத்துரையின் முகத்திலிருந்து சிரிப்புப் போயிற்று. "வே, நீரு குண்டி வச்சு உக்காருத சீட்டு என்ன வாழப்பட்டையிலயா செஞ்சிருக்கு? போவும், தள்ளும்" என்று சொல்லிவிட்டுத் தன் தோலுக்குத் திரும்பினான்.

அனந்தநாராயணனுக்குக் காது சுட்டது. அவரும் மனசுக்குள் அதையேதான் நினைத்திருந்தார். வாயைத் திறந்து சொன்னதுதான் பிசகு என்று அப்போது அவருக்குப் பட்டது. மூக்கிலிருந்து அங்கவஸ்திரத்தை எடுத்தார். தள்ளுவதற்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது.

கால்வாசி மேடு ஏறியதும் நாணு நொண்ட ஆரம்பித்தான்.

"பூட்ஸ் கடிக்கறது மாமா. நான் மேலே உட்கார்ந்து ஹாண்டிலைப் பிடிச்சுக்கறேன், வண்டி ஆடாம இருக்கும். நீங்க பின்னாலேருந்து கொஞ்சம்."

அவர் பதில் சொல்வதற்குள் உட்கார்ந்துவிட்டான். ஐம்பத்திரண்டு வயதில், பஞ்சகச்சத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு, நம்பர் பலகையில் நெஞ்சை முட்டுக் கொடுத்து, ஹெட் கிளார்க் அனந்தநாராயணன் வருங்கால மாப்பிள்ளையைச் சயான் பாலத்தின் மேல் ஏற்றினார். ரயில் ஒன்று கீழே போயிற்று. ஜன்னல்களிலிருந்து தலைகள் நிமிர்ந்து பார்த்தன.

நாணு கெட்டவன் இல்லை. உட்கார்ந்து வருகிறவன் தள்ளுகிறவருக்கு ஏதாவது ஆறுதலாகச் சொல்ல வேண்டும் என்கிற அளவு நாகரிகம் அவனிடம் இருந்தது. திரும்பிப் பார்த்துச் சொன்னான்:

"மாமா, அம்மா வேலையை விடணும்னு சொன்னாளோல்லியோ? நீங்க அதுக்குக் கவலைப்படாதேங்கோ. நான் சொல்லிச் சரிப்படுத்திடறேன். உங்க பொண்ணு வேலைக்குப் போகட்டும்."

அனந்தநாராயணன் தள்ளுவதை நிறுத்தினார். வண்டி ஓரடி பின்வாங்கி அவர் மார்பில் சாய்ந்தது. இந்த ஒரு வார்த்தைக்குத்தான் வீட்டில் ஒருத்தி டம்ளர் கழுவிக்கொண்டு காத்திருக்கிறாள். பையன் அசடுதான். அசடாக இருந்தால் என்ன, பிடித்து வைக்காத அசடு. எத்தனையோ பெண்கள் அசடுகளோடு சௌக்கியமாக இருக்கிறார்கள். அவருடைய விசாலாக்ஷிகூட அப்படித்தான் சொல்லிக்கொள்வாள்.

"நிஜமாவா சொல்றாய்?"

"நிஜமா. நான் யோசிச்சுத்தான் சொல்றேன். அவ ஆபீஸ் தாதர் பாலத்துக்கு அந்தண்டை. நானும் தினம் அந்தப் பாலம் ஏறி இறங்கணும். ஒண்டியா முடியலே மாமா, சட்டையெல்லாம் வேர்த்துப் போறது. ரெண்டு பேராப் போனா பாலத்து மேட்டிலே அவ பின்னாலேருந்து ஒரு கை கொடுப்பா. பார்த்தேன், நல்ல தேக புஷ்டி. நடையும் அழுத்தமான நடை."

அனந்தநாராயணன் மறுபடி தள்ளினார். உச்சி வரைக்கும் நிறுத்தவில்லை.

உச்சியில் நாணு, "ஏறிக்கோங்கோ, இனிமே உருளலாம்" என்றான்.

"நீ போ. நான் நடந்து வரேன்."

"அதுவும் நல்லதுதான். பாரம் குறையும்" என்றான் நாணு, உருண்டுகொண்டே.

அவர் தெருவுக்குள் நுழைந்தபோது நாணு தெரு முனையில் காத்திருந்து, அவரைக் கண்டதும் என்ஜினைக் கிளப்பி, பால்கனிகள் எல்லாம் பார்க்க, முழுச் சத்தத்தோடு வீட்டு வாசல்வரை ஓட்டினான். மாடியில் யாரோ கை தட்டினார்கள்.

கூடத்தில் எல்லார் முகமும் மலர்ந்திருந்தது. நாகலக்ஷ்மி அம்மாள் அவரைக் கண்டதும், "நாணு சொல்லிட்டான். பொண்ணு வேலைக்குப் போகட்டுமாம். என் பிள்ளைக்கு அப்பேர்ப்பட்ட தாராள மனசு. நான் என்னத்தைச் சொல்ல? ஆத்துக்குப் போய் முறைப்படி லெட்டர் போடறோம்" என்றாள். விசாலாக்ஷி கண்ணை ஒற்றிக்கொண்டாள். விஜி கதவோரம் நின்று அப்பாவையே பார்த்தாள்.

"லெட்டர் போட வேண்டாம்" என்றார் அனந்தநாராயணன்.

விசாலாக்ஷி பூரித்துப்போனாள். அவர் இப்போதே நிச்சயம் பண்ணிவிடலாம் என்கிறார் என்று எண்ணிச் சர்க்கரை எடுக்க உள்ளே ஓடினாள்.

"எங்களுக்கு இதிலே இஷ்டமில்லை. நீங்க லெட்டர் போட்டு, நாங்க பதில் போட்டு, ரெண்டு தபால் செலவு. எதுக்கு வீணா?"

நாணு கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதுவும் வாஸ்தவம்தான்" என்று ஆரம்பித்தான். தாயார் அவன் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு எழுந்தாள். மாமன் போகிற போக்கில் இன்னொரு பஜ்ஜியை எடுத்துக்கொண்டார்.

அவர்கள் படியிறங்குவதற்குள் விசாலாக்ஷி சர்க்கரைக் கிண்ணத்தோடு வந்து பிடித்துக்கொண்டாள். "என்ன குறையைக் கண்டேள்? சொல்லுங்கோ! உங்க பொண்ணு கேட்டதையும் கொடுக்கறேன்னான் அந்தப் பிள்ளை. இன்னும் என்ன, ராஜகுமாரன் வரணுமா? எந்த வாயாலே வேண்டாம்னேள்?" அவர் பால்கனிக்கு நகர்ந்தார். அவளும் பேசிக்கொண்டே பின்னால் வந்தாள். விஜியும் வந்தாள்.

கீழே, நாணு வண்டியைக் கிளப்பவில்லை. இனிமேல் யாருக்காகக் கிளப்ப வேண்டும்? மேலே உட்கார்ந்து ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டான். அந்தப் பக்கம் தெரு கொஞ்சம் மேடு. நாகலக்ஷ்மி அம்மாள் கைப்பையை மாமனிடம் கொடுத்தாள். பட்டுப் புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினாள். யாரும் சொல்லாமலே பின்னால் போய், நம்பர் பலகையில் இரண்டு கையையும் வைத்து, பழக்கப்பட்டவள் மாதிரி தலையைக் குனிந்துகொண்டு தள்ளினாள். வண்டி நகர்ந்தது. மாமன் பஜ்ஜியோடு கூட நடந்தார்.

விசாலாக்ஷியின் பேச்சு நின்றுவிட்டது. அவர்கள் முனை திரும்பும்வரை கிண்ணத்தோடு பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கட்டையிலே போறவன்" என்றாள் பிறகு. "பெத்தவளைப் போய்." சட்டென்று கணவர் பக்கம் திரும்பினாள். "உங்களையும் தள்ளச் சொன்னானா?"

"என்னையா? நன்னாயிருக்கு. என்கிட்டே அதெல்லாம் நடக்குமா?" என்று சொல்லிவிட்டு அனந்தநாராயணன் குளியலறைப் பக்கம் நடந்தார்.

அதுவரை மூடியிருந்த அங்கவஸ்திரம் விலகியது. அவர் சட்டையின் மார்பில், பொத்தான்களுக்குக் குறுக்கே, நம்பர் பலகையின் மசியும் சேறும் நீளமாக அப்பியிருந்தன. விஜி அதைப் பார்த்தாள். அம்மா பார்ப்பதற்கு முன்னால் உள்ளே போய், மாற்றுச் சட்டையும் ஸன்லைட் சோப்பும் எடுத்துவந்து, ஒன்றும் கேட்காமல் அவர் கையில் கொடுத்தாள்.