பென் டிரைவுக்குப் பரிவட்டம்

மன்னார்குடியில் எங்கள் தெருவில் உள்ள பழைய கம்ப்யூட்டர்களுக்கு முதல் மரியாதை முக்கியம். அது தவறினால் உள்ளே இருக்கும் பாகங்கள் கோபித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விடும். யாராவது போய் அழைத்து வரவேண்டும். மற்றபடி நல்ல கம்ப்யூட்டர்கள்தான்.

அன்று மாலை நான்கு மணிக்கு என் அக்கா தேன்மொழிக்கு ஆன்லைனில் நேர்காணல். மூன்று வருடமாக அலைந்து இப்போதுதான் ஒரு வேலை கண்ணில் பட்டிருந்தது. நேர்காணலோ கம்ப்யூட்டரை இயக்கும் பழைய ஓ.எஸ்.ஸில் திறக்காது. அதனால் புது ஓ.எஸ்.ஸைப் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு, மத்தியானம் சாப்பிட்ட கையோடு உட்கார்ந்தேன். கண் விழித்ததும் ஓ.எஸ். இருக்கிறதா என்று யாரை முதலில் கேட்பது எனக் கம்ப்யூட்டர் வரிசை போட்டு வைத்திருக்கும். அதில் பென் டிரைவை மேலே தூக்கி வைத்தேன். வினை அங்கே ஆரம்பித்தது.

திரை கறுத்தது. பெட்டியின் திருகுகள் கழன்றன. பிளாப்பி டிரைவ் இறங்கிச் செருப்பை மாட்டியது.

"நேத்து பொறந்த பய, அவனுக்குப் பரிவட்டமா?"

தெருவுக்கே கேட்கும்படி கத்திவிட்டுத்தான் போனது. இருபது வருடமாக அது ஒரு துரும்பைக்கூட நகர்த்தியதில்லை. வீறாப்புக்கு மட்டும் குறைச்சல் இல்லை. பின்னாலேயே சிடி டிரைவும் கிளம்பியது. அதற்கென்று தனியாகக் கோபம் கிடையாது, யார் கோபித்தாலும் கூடப் போகும்.

பெரியவர்கள் அழைத்தால்தான் வரும் என்பதால் அப்பாவையும் கூட்டிக்கொண்டு ஓடினேன். இரண்டும் தஞ்சாவூர் பஸ்ஸில் ஜன்னலோரம் பிடித்து உட்கார்ந்திருந்தன.

"மாமா, பயலுக்கு வெவரம் பத்தல. மொதல்ல ஒங்களத்தான் கேப்போம், எறங்குங்க" என்றார் அப்பா.

"கேட்டாப் போதாது. நான் பதில் சொல்ற வரைக்கும் காத்திருக்கணும்" என்றது பிளாப்பி.

ஒப்புக்கொண்டோம். வீட்டுக்கு வந்ததும் பிளாப்பியை முதலிலும் சிடியை இரண்டாவதாகவும் வைத்து, பென் டிரைவைக் கடைசிக்குத் தள்ளினேன். கம்ப்யூட்டர் பிளாப்பியிடம் பணிவாகக் கேட்டது. பிளாப்பி கனைத்தது. யோசித்தது. மறுபடியும் கனைத்தது. அக்கா புடவை கட்டித் தலைவாரி, என் முதுகுக்குப் பின்னால் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"எங்கிட்ட ஒண்ணும் இல்ல" என்று சொல்ல அதற்கு முக்கால் மணி நேரம் பிடித்தது.

"அண்ணன் சொன்னதுதான் எனக்கும்" என்றது சிடி.

பென் டிரைவ் இரண்டு பேர் காலிலும் விழுந்து எழுந்து, மளமளவென்று வேலையை முடித்தது. ஆனால் மணி நான்கைத் தாண்டிவிட்டது. எந்த ஊர் நேரம் வேண்டும் என்று புது ஓ.எஸ். கடைசியாகக் கேட்டது. இந்தியாவுக்கென்று கொல்கத்தா மட்டும்தான் இருந்தது.

"கொல்கத்தா எதுக்குடா? இன்னும் நாலு மணி ஆகாத ஊராப் பாத்துப் போடு" என்றாள் அக்கா.

கஜகஸ்தானில் ஓர் ஊரை அழுத்தினேன். சுவர்க் கடிகாரம் மூன்றரைக்குத் திரும்பியது. தெருவில் பனி கொட்ட ஆரம்பித்தது. அக்கா நிதானமாக ஒரு காபி குடித்துவிட்டு, ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நேர்காணலில் உட்கார்ந்தாள்.

"வேலைக்காக ஊர் மாறத் தயாரா?" என்று திரையில் இருந்தவர் கேட்டார்.

அக்கா ஜன்னலை எட்டிப் பார்த்தாள்.

"மாறியாச்சு சார்."

கொடியில் விறைத்துப்போன வேட்டியை மடிக்க முடியாமல், அப்பா அதைக் கதவு மாதிரி தோளில் சுமந்துகொண்டு உள்ளே வந்தார்.